படிவம் ஏழின்படி பராமரிப்பாளர்

தையல்காரிக்கு வேண்டியிருந்தது நான்கு மணி நேரம். தினமும் இல்லை, வாரத்துக்கு ஒருமுறைகூட இல்லை. வரும் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை யாராவது வந்து அவளுடைய மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனபோது அவள் முதலில் ஊசியைத்தான் சந்தேகித்தாள். அப்புறம் நூலை. அப்புறம் பல்பை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனால், கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறியிருக்கிறது, லேசர் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் போன பார்வை போனதுதான் என்றார் டாக்டர். முதலில் கொடுத்த தேதியன்று, மாமனாரைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். இரண்டாவது தேதிதான் இந்தப் பதினெட்டு. "இதையும் விட்டீங்கன்னா அடுத்தது எட்டு மாசம் கழிச்சுத்தான்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

மாமனார் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். பதினான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் நின்றுபோயின. வாய் நிற்கவில்லை. தண்ணீரைக் கரண்டியால்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். ஒருமுறை அவள் பட்டன் வாங்கப் போன கால் மணி நேரத்தில், ஜன்னலைச் சாத்துகிறேன் என்று எழுந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். அவளைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "ரிவர்ஸ் எடுக்க இடமில்லம்மா."

புருஷன் சரக்குக் கப்பலில் வேலை. கரைக்கு வர இன்னும் ஐந்து மாதம். பக்கத்து வீட்டு அக்காவின் இடுப்பு பாதி தேறியிருந்தது. மாமனார் மத்தியானம் தூங்கும் ஒரு மணி நேரம் வேண்டுமானால் நாற்காலி போட்டு உட்காருவாள், தூக்கச் சொன்னால் முடியாது.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் தையல்காரி பராமரிப்பாளர் அரவணைப்பு மையத்துக்குப் போனாள். சம்பளமில்லாமல் வீட்டாரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவே நடக்கும் மையம் என்று பஸ் நிறுத்தத்தில் விளம்பரம் இருந்தது. அதில் ஒரு பெண் கடற்கரையில் கைகளை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, 'நீங்கள் தனியாக இல்லை.' அந்தக் கடற்கரையில் அவளைத் தவிர யாருமில்லை.

மையம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும் என்று பலகை. மையத்துக்கு நோயாளிகளை அழைத்து வரக் கூடாது என்று அதற்குப் பக்கத்தில் இன்னொரு பலகை. அதனால் லிஃப்ட் வாங்கிய அன்றைய பளபளப்புக் குறையாமல் இருந்தது. அவள் படியேறினாள்.

"எங்ககிட்ட பன்னிரண்டு வகையான ஆதரவு இருக்கு மேடம்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "கையேடு, கையேட்டைப் படிக்க ஒரு கையேடு, மூச்சுப் பயிற்சி, சிரிப்புப் பயிற்சி, 'முடியாது'ன்னு சொல்லப் பயிற்சி, நீங்க பேசப் பேச எங்க ஆள் கேட்டுக்கிட்டே இருக்கற போன் சேவை…"

"அவர் பதில் சொல்வாரா?"

"கேக்கறதுதான் மேடம் சேவை."

"எனக்கு ஒரு ஆள் வேணும்மா. நாலு மணி நேரம். மாமா கூட இருக்கறதுக்கு."

"ஆளா?" கவுண்டர் பெண், மருந்துக் கடையில் யாரோ மாட்டுவண்டி கேட்டதுபோலப் பார்த்தாள். பிறகு பட்டியலின் அடியில் விரலை ஓட்டினாள். "இருக்கு. 'ஆள்மாற்று ஓய்வுத் திட்டம்.' ஆனா அதுக்கு நீங்க பதிவு செஞ்ச பராமரிப்பாளரா இருக்கணும். பதிவுக்கு முன்னாடி அறிமுக வகுப்பு. காலைல ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும், இங்கேயே."

"அன்னைக்கு மாமாவை யார் பாத்துக்கறது?"

"அதுக்குத்தான் மேடம் ஆள்மாற்று ஓய்வுத் திட்டம்."

தையல்காரி இதை மனசுக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். தனக்குத்தான் புரியவில்லையோ என்று இன்னொருமுறையும் சுற்றிப் பார்த்தாள். இரண்டு தடவையும் புறப்பட்ட இடத்துக்கே வந்தாள்.

கவுண்டர் பெண் இரக்கப்பட்டு, வீட்டுக்கு மதிப்பீட்டாளரை அனுப்புவதாகச் சொன்னாள். போகும்போது ஒரு சாவிக்கொத்து கொடுத்தாள். 'உங்களையும் கவனியுங்கள்' என்று அதில் எழுதியிருந்தது. எழுத்து பொடிசாக இருந்ததால் அவளால் படிக்க முடியவில்லை. மாமனார்தான் படித்துச் சொன்னார்.

மதிப்பீட்டாளர் மூன்றாம் நாள் வந்தார். காலணியைக் கழற்றிவிட்டு, அறை நடுவில் நின்று நீளமாக மூச்சை உள்ளே இழுத்தார்.

"வாடை?" என்று தனக்குத்தானே கேட்டு, "இல்லை" என்று குறித்துக்கொண்டார்.

பிறகு படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். மாமனாரின் முதுகைப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது.

"படுக்கைப் புண் ஒண்ணுகூட இல்லையா மேடம்?"

"இல்ல சார்" என்றாள் தையல்காரி. ஏனோ மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"சின்னதா?"

"இருந்தா சொல்ல மாட்டேனா சார்?"

மதிப்பீட்டாளர் உட்கார்ந்து கூட்டினார். "நெருக்கடி மதிப்பெண் நூத்துக்கு நாப்பது வந்தா ஆள் அனுப்பலாம். உங்களுக்கு மூணு. அந்த மூணும் மாடிப்படிக்கு. வீடு நாறணும்னு நான் சொல்லல மேடம். நாறினா பன்னிரண்டு மார்க். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"நாளைக்கு வாங்க சார், ரெடியா இருக்கோம்" என்றார் கட்டிலிலிருந்து மாமனார். "எனக்கு மூணு மணி நேரம் முன்னாடி தகவல் சொல்லிட்டீங்கன்னா போதும்."

"மாமா!"

"பன்னிரண்டு மார்க்குமா. சும்மா விடச் சொல்றியா?"

மதிப்பீட்டாளர் சிரிக்கவில்லை. "ரொம்ப மோசமா இருந்தா எங்களால உதவ முடியாது. அது புறக்கணிப்புப் பிரிவு. வேற மாடி. அவங்க வந்தா உங்க மேல நடவடிக்கை எடுப்பாங்க. ஓரளவுக்கு மோசமா இருக்கணும் மேடம். பாதிப் பேருக்கு அந்த அளவு பிடிபட மாட்டேங்குது." காலணியை மாட்டும்போது குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஆஸ்பத்திரிக்குத்தானே போகணும்? படிவம் ஏழு போடுங்க. அவசரத் தேவை. மருத்துவக் கடிதம் ஒண்ணு இணைக்கணும்."

அன்று மாலையே அவள் படிவம் ஏழை மாமனாரின் கட்டிலில் வைத்து நிரப்பினாள். அவர் கேள்விகளைப் படித்தார், அவள் எழுதினாள். 'இணைக்கப்பட்ட மருத்துவக் கடிதம் யாருடையது?' தன் பெயரை எழுதினாள். 'அவரைத் தவிர வீட்டில் இருப்பவர்?' மாமனார். 'அவர் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வீட்டில் இருப்பார்?' இருபத்துநான்கு. தப்பாக எழுதியிருப்போமோ என்ற சந்தேகத்தில் மூன்று தடவை படிக்கச் சொல்லிச் சரிபார்த்தாள். ஒவ்வொரு பதிலும் உண்மை. உண்மைகளைக் கூட்டினால் என்ன விடை வரும் என்று மட்டும் அவள் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தபோது அவள் குளியலறையில் மாமனாரின் விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தாள். போனை எப்போதும் அவர் இடது கைப் பக்கம் வைத்திருப்பாள். அவர் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"சரிபார்ப்புப் பிரிவிலேர்ந்து பேசறேன் ஐயா. நீங்க தினமும் எத்தனை மணி நேரம் வீட்ல இருப்பீங்க?"

"இருபத்துநாலும்தான்."

"வெளியே போறதே இல்லையா?"

"பதினாலு மாசமா வாசப்படி தாண்டலம்மா."

"ராத்திரியில?"

"ராத்திரியென்ன, பகலென்ன? கட்டிலை விட்டு நகர்றதே இல்ல."

எதிர்முனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. "சினிமா, நண்பர்கள்…"

"எல்லாத்தையும் விட்டாச்சு."

"மருமகளுக்காகவா ஐயா?"

"அவ எங்கே என்னை விடறா? கொஞ்சம் அசைஞ்சாலே ஓடி வந்துடுவா."

"இந்தக் காலத்துல…" அந்தப் பெண்ணின் குரல் கரகரத்தது. "இப்படியும் ஒரு மாமனாரா!"

தையல்காரி சோப்புக் கையோடு ஓடி வருவதற்குள் போன் வைக்கப்பட்டிருந்தது.

"யாரு மாமா?"

"யாரோ நல்ல பொண்ணு. எதுக்கோ அழுதுச்சு."

நான்காம் நாள் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அவளுக்கு. 'தங்கள் வீட்டில் ஏற்கெனவே இருபத்துநான்கு மணி நேரப் பராமரிப்பாளர் ஒருவர் இருப்பதால் தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.' இன்னொன்று மாமனாருக்கு. கெட்டித்தாள், ஓரத்தில் பூ வேலை. 'மருமகளின் பொருட்டுப் பதினான்கு மாதங்கள் வாசற்படி தாண்டாத தங்கள் தியாகத்தைப் போற்றி, ஆண்டின் சிறந்த பராமரிப்பாளராகத் தங்களைத் தேர்ந்தெடுத்துள்ளோம்.'

மத்தியானம் மாமனார் தூங்கியதும் பக்கத்து வீட்டு அக்காவை உட்காரவைத்துவிட்டு, அவள் மறுபடி மூன்று மாடி ஏறினாள். இந்தத் தடவை பதிவாளரிடம் அனுப்பினார்கள். அவர் மேஜையில் ஒரு தூசி இல்லை.

"தப்பு நடந்திருக்கு சார். படுத்திருக்கறது அவர். பாத்துக்கறது நான்."

"கடிதம் யார் பேர்ல இருக்கோ அவங்க நோயாளி" என்றார் பதிவாளர் பொறுமையாக. "வீட்ல மிச்சம் இருக்கறவர் பராமரிப்பாளர். பதினோரு வருஷமா இப்படித்தான் பதியறோம். ஒரு தப்பு வந்ததில்லை."

"எப்படித் தெரியும் சார் தப்பு வரலைன்னு?"

"வந்திருந்தா பதிவாகியிருக்குமே." அவர் ஒரு பேரேட்டைத் தட்டினார். "ஒருத்தர் தனியா இருந்தார். கடிதம் அவர் பேர்ல. மிச்சம் யாரும் இல்லை. விதின்னா விதி. அவர் வீட்டுப் பூனையைப் பதிஞ்சோம். கையேடு பன்னிரண்டும் பூனை பேருக்கே போச்சு. இன்னை வரைக்கும் அதுகிட்டேர்ந்து ஒரு புகார் கிடையாது."

"மாத்த முடியாதா சார்?"

"தாராளமா. படிவம் பதினொண்ணு. நாற்பத்தஞ்சு வேலை நாள். பதிவான பராமரிப்பாளர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"அவரால நடக்க முடியாது சார்!"

பதிவாளர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. "பாத்தீங்களா, உங்களுக்காக ஓடி ஓடி அவர் உடம்பு எப்படி ஆயிடுச்சு! நீங்களும் கொஞ்சம் அனுசரிச்சு நடந்துக்கணும் மேடம்."

வீட்டுக்கு வந்ததும் அவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, எதுவும் தைக்காமல் சும்மா இருந்தாள். பதினெட்டாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள். மெஷின் ஊசியைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் தெரிந்தது. போன வாரம் அந்த வளையம் இவ்வளவு பெரிதாக இல்லை.

"அந்தக் கெட்டித்தாளைக் கொண்டா" என்றார் மாமனார். இடது கையால் பிடித்துக் கடைசிவரை படித்தார். "விழா என்னைக்கு?"

"தெரியல மாமா. நான் எங்கே அதைப் படிச்சேன்?"

"பதினெட்டு. வியாழக்கிழமை. காலைல ஒன்பது மணிக்கு வீட்டுக்கே வண்டி வருமாம். கூட ரெண்டு தொண்டர்களாம். மையத்தோட இயக்குநரே விருது குடுக்கறாராம். 'விருதாளர் விழா முடியும்வரை மேடையில் இருப்பது கட்டாயம்.' அப்புறம் கேளு, 'நோயாளியை அழைத்து வர வேண்டாம். அன்று ஒரு நாளாவது தாங்கள் சுதந்திரமாக இருக்க வேண்டும்.'"

தையல்காரி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"வேண்டாம் மாமா. பொய் சொல்லி…"

"நான் என்னம்மா பொய் சொன்னேன்? அந்தப் பொண்ணு கேட்ட ஒவ்வொண்ணுக்கும் உள்ளதைத்தானே சொன்னேன்? நீயும் உள்ளதைத்தானே எழுதினே?"

"மேடையில புரையேறினா?"

"ரெண்டு தொண்டர், ஒரு இயக்குநர், ஒரு பதிவாளர், அந்த மூச்சு இழுக்கற ஆள். இத்தனை பேர் நடுவுல புரையேறலைன்னா வேற எங்க ஏறும்?" கடிதத்தை மார்பின் மேல் வைத்துக்கொண்டார். "நான் ஏறினதுலேர்ந்து இறங்கற வரைக்கும் பொறுப்பு அவங்களோடது. நீ கண்ணைப் பாரு."

அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் ஒரு தாளில் பெரிய பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். தண்ணீர் கரண்டியால். கஞ்சி கெட்டியாக. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம், கேட்காவிட்டாலும். வலது பக்கம் தலையணை, இல்லையென்றால் சரிந்துவிடுவார். எழுதி முடித்து எண்ணியபோது இருபத்துமூன்று குறிப்புகள் வந்தன. இவ்வளவா செய்கிறோம் என்று அவளுக்கே சந்தேகம் வந்து மறுபடி எண்ணிப் பார்த்தாள். இருபத்துநான்கு.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. ஒரே மாதிரி பனியன் போட்ட இரண்டு தொண்டர்கள் பூங்கொத்தோடு மாடியேறி வந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த மாமனாரைப் பார்த்துத் திகைத்தார்கள்.

"பராமரிப்பாளர் ஐயா…?"

"நான்தான்பா."

"நடக்க மாட்டீங்களா ஐயா?"

"பதினாலு மாசச் சோர்வு" என்றார் மாமனார்.

தொண்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தையல்காரி அவன் கையில் தாளைக் கொடுத்தாள். கஞ்சியும் கரண்டியும் மாற்றுத் துணியும் இருந்த பையை இன்னொருவன் கையில் கொடுத்தாள். அவர்கள் மாமனாரை நாற்காலியோடு கீழே தூக்கிப்போய் ஏற்றினார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் நின்றாள். பிறகு அவளும் கிளம்பினாள்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். தையல்காரி கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். யாரோ இருமினால் பாதி எழுந்துவிட்டு, பிறகு உட்காருவாள். ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் இருமல் கேட்டும் எழுந்திருக்கவில்லை. லேசருக்குக் கூப்பிட்டபோது அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்றார் டாக்டர் முடித்துவிட்டு. "இருக்கற பார்வை இருக்கும். இன்னைக்குக் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கண்ணை மூடிப் படுத்திருக்கணும்." அதை ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

ஒன்றே கால் மணிக்குக் கறுப்புக் கண்ணாடியோடு அவள் விழா மண்டபத்துக்கு வந்தாள். பன்னிரண்டுக்கு முடிய வேண்டிய விழா நடந்துகொண்டிருந்தது. மேடையில் பதிவாளர் மாமனாரின் வலது பக்கத்தில் முட்டுக் கொடுத்து நின்றார், தலையணை வண்டியிலேயே போய்விட்டதாம். மதிப்பீட்டாளர் மண்டியிட்டுக் கரண்டியால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். தொண்டர்களில் ஒருவன் காய்ந்த துணி தேடிப் போனவன் திரும்பவில்லை. இன்னொருவன் அவனைத் தேடிப் போயிருந்தான். இயக்குநர் மைக் முன்னால் நின்றார். சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது, முன்பக்கம் ஈரம்.

"…பராமரிப்பாளர்கள் நம் கண்கள்! அவர்களுக்கு இந்த ஆண்டு மட்டும் ஒன்பதாயிரம் கையேடுகள் வழங்கியிருக்கிறோம். சிலர் கேட்கிறார்கள், ஆள் அனுப்புவீர்களா என்று. நண்பர்களே, ஆள் வந்தால் போய்விடுவார். கையேடு போகாது! வைத்த இடத்திலேயே…"

"சார்" என்றார் மாமனார். அவருக்கும் ஒரு மைக் வைத்திருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "பாத்ரூம்."

இயக்குநர் கண்ணை மூடினார். "மறுபடியுமா?"

"தாள்ல எழுதியிருக்கு சார்" என்றார் மதிப்பீட்டாளர். "ஒன்பதாவது குறிப்பு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை."

மூன்று பேரும் மாமனாரைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்கள். அங்கிருந்து "இந்தப் பக்கம் இல்ல சார்", "யாரு கால் இது?" என்றெல்லாம் கேட்டது. முன்வரிசையில் இருந்த பராமரிப்பாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார்கள். அன்றைய பேச்சுகளிலேயே அதைத்தான் அவர்கள் அவ்வளவு கவனமாகக் கேட்டார்கள்.

திரும்பி வந்த இயக்குநர் தையல்காரியைப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"நான்தான் சார் நோயாளி."

அவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "உங்க பராமரிப்பாளரை நீங்க அழைச்சிட்டுப் போகலாம். விழா முடிஞ்சது. இப்ப முடிஞ்சது."

அவள் சீட்டை எடுத்துக் காட்டினாள். இயக்குநர் அதைப் பதிவாளரிடம் கொடுத்தார். பதிவாளர் மூச்சு வாங்கியபடியே படித்தார்.

"முடியாது சார். பராமரிப்பாளரை நோயாளிகிட்ட ஒப்படைக்க விதி இல்லை."

"அப்போ பதிவை மாத்துய்யா!"

"நாற்பத்தஞ்சு வேலை நாள் சார். அந்த விதியில உங்க கையெழுத்துதான் இருக்கு."

"அதுவரைக்கும்?"

"ஆறு மணி வரைக்கும் போதும் சார். அதுக்கு மேல அவங்க நோயாளி இல்லைன்னு சீட்டே சொல்லுது. அதுவரைக்கும் மேடைக்கு அழைச்ச அதிகாரிதான் பொறுப்பு." பதிவாளர் அழைப்பிதழைத் திருப்பிக் காட்டினார். அதில் இயக்குநரின் பெயர் பெரிதாகவே போட்டிருந்தது.

இரண்டு மணிக்கு மாமனார் தன் கட்டிலில் இருந்தார். படி ஏற்றியதும் பதிவாளர் படிவம் பதினொன்றை எடுத்து வரக் கிளம்பினார். மதிப்பீட்டாளர் படியில் உட்கார்ந்து, இந்த மாடிப்படிக்கு மூன்று மார்க் போதாது என்று முனகிவிட்டு, அவரும் போனார். இயக்குநர் மட்டும் தையல் மெஷின் நாற்காலியில், கையில் தாளோடு உட்கார்ந்திருந்தார்.

தையல்காரி அடுத்த அறையில் படுத்துக் கண்ணை மூடினாள். கதவு திறந்தே இருந்தது. கஞ்சி கெட்டியாக இல்லை என்று மாமனார் சொல்வது கேட்டது. பதினாறாவது குறிப்பு எது என்று இயக்குநர் கேட்பது கேட்டது. ஏதோ கவிழ்ந்தது. யாரோ துடைத்தார்கள். விரிப்பை மாற்றும்போது, "நீங்க கொஞ்சம் உதவி பண்ணக் கூடாதா ஐயா?" என்று இயக்குநர் கெஞ்சினார். "முடிஞ்சா பண்ண மாட்டேனா சார்?" என்றார் மாமனார். ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்துவிடத் துடித்த உடம்பை அவள் அடக்கி அடக்கிப் படுத்துக் கிடந்தாள்.

பிறகு ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மெதுவாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். இயக்குநர் நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தாள் தரையில் கிடந்தது.

மாமனார் உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போடாதேம்மா. பாவம், முதல் நாள்."

"உங்களுக்கு ஏதாவது வேணுமா மாமா?"

"தண்ணி வேணும். ஆனா நீ போய்ப் படு." அவர் இடது கையை நீட்டி நாற்காலியைத் தட்டினார். "சார். சார்!"

இயக்குநர் திடுக்கிட்டு எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்து, கரண்டியைத் தேடினார். பிறகு சுவரைப் பார்த்து, கடிகாரம் கண்ணில் படாமல் கேட்டார்.

"மணி என்ன ஆச்சு? ஆறா?"

"ரெண்டே முக்கால்" என்றாள் தையல்காரி.